பிறந்தநாள்காரரின் காலி முஷ்டி

என் வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய தோலில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் அதைப் பார்ப்பார்கள். பிளெக்ஸ் பேனரின் ஓரத்தில் கயிறு கோக்க ஒரு வளையம் அடித்திருப்பார்கள் இல்லையா, சரியாக அந்த அளவு. கேட்டால், வேலையில் மாட்டிக்கொண்டது என்பேன். வேலையில்தான் மாட்டிக்கொண்டது. அந்த அளவுக்கு அது உண்மை.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் பாய் கடையில் டிசைனராக இருக்கிறேன். பாய் என்றால் எங்கள் முதலாளி. போர்டில் பிளெக்ஸ் பிரிண்டிங் என்று இருந்தாலும், இப்போதெல்லாம் பேனரைவிட போனுக்குச் செய்கிற படம்தான் அதிகம். பிறந்தநாளா, காதுகுத்தா, கிரிக்கெட் டீமா, எதுவானாலும் ஸ்டேட்டஸுக்கு ஒரு எடிட் வேண்டும்.

பையன்கள் போனை நீட்டி, "அண்ணா, இதே மாதிரி" என்பார்கள். ரீல்ஸில் எங்கேயோ பார்த்ததன் ஸ்கிரீன்ஷாட் அதில் இருக்கும். பின்னால் நகரம் எரியும். மழைத்துளி காற்றிலேயே நிற்கும். தோளுக்குப் பின்னால் சிங்கம், கண்ணில் சிவப்பு, கன்னத்தில் ரத்தக் கோடு. அவர்கள் கொடுக்கிற போட்டோவோ மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று எடுத்ததாக இருக்கும். தொட்டியை அழித்துவிட்டு நகரத்தைக் கொளுத்துவேன். பெருங்களத்தூர், மண்ணிவாக்கம், வண்டலூர் என்று என் சிஸ்டத்தில் எரியாத ஊர் கிடையாது. பள்ளிக்கூடப் பையனுக்கும் அதே நெருப்புதான், கல்யாணமாகிப் பேரன் எடுத்தவருக்கும் அதே நெருப்புதான்.

நெருப்பு, புகை, ரத்தம் என்று தனித்தனி போல்டர் வைத்திருக்கிறேன். ரத்தத்திலேயே தெறித்தது, வழிந்தது, காய்ந்தது என்று பிரிவுகள் உண்டு. எல்லாம் டிசைனர்கள் குரூப்களில் வருவது. எந்த நாட்டில் எவன் உட்கார்ந்து வெட்டி எடுத்தானோ, அது எனக்கு வரும். நான் செய்தது வேறு எவனுக்கோ போகும். யார் செய்த படம் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கும் பெயர் போட்டுக்கொள்ளும் ஆசை வந்தது கிடையாது. பெயர் இருந்தால் தேடிக்கொண்டு வருவார்கள்.

நான் அப்படிப்பட்ட ஆள். பத்தாவது பரீட்சைக்குப் பயந்து ஒன்பதாவதோடு நின்றவன். ஷட்டரைப் பூட்டிவிட்டு ரயில்வே கேட் வரை போனபிறகு, பூட்டினேனா என்று திரும்பி வருகிறவன். போனில் தெரியாத நம்பர் வந்தால் அது அடங்கும் வரை கையில் பிடித்துக்கொண்டு பார்த்தபடி இருப்பேன். அதனால் எங்கள் கடையில் இருந்த ஒரு வழக்கத்தை என்னைப்போல் யாரும் கடைப்பிடித்ததில்லை. பொருள் பிடித்த போட்டோவை அப்படியே செய்யக்கூடாது என்பதுதான் அந்த வழக்கம். பொருள் என்றால் கத்தி. பட்டாக்கத்தியால் கேக் வெட்டி ரீல்ஸ் போட்டவர்களைப் போலீஸ் தூக்கிப் போன சமயத்தில், ஸ்டேஷனிலிருந்து ஒருவர் கடை கடையாக வந்து, படத்தில் கத்தி இருந்தால் படம் செய்தவனும் கூடவே வரவேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எவன் கத்தியோடு வந்தாலும் நான் அதை எடுத்துவிட்டு மைக் கொடுப்பேன், பூங்கொத்து கொடுப்பேன். ஒருத்தருக்குக் குடைகூடக் கொடுத்திருக்கிறேன்.

பிறந்தநாள்காரரின் படம் அப்படி வந்ததுதான். அவரை இங்கே பிறந்தநாள்காரர் என்றே சொல்லிக்கொள்கிறேன். ஒரு காலத்தில் தண்ணி லாரி ஓட்டியவர். பிறகு இடம் வாங்கி விற்கிற வேலை, அதற்குப் பிறகு இடம் காலி பண்ணிக் கொடுக்கிற வேலை. பேர் மேல் கேஸ் உண்டு என்று தெருவுக்கே தெரியும். அவர் வரவில்லை. அவர் மச்சினன்தான் வந்தான். காரின் முன்னால் நின்று வலது கையை உயர்த்தி, நீளமான பட்டாக்கத்தி பிடித்த போட்டோ. கத்தி வைக்க முடியாது, மைக் வைக்கட்டுமா என்று பணிவாகக் கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"மாமா இன்னா பாட்டுக் கச்சேரியா பண்றாரு? ஒண்ணும் வைக்காத. கை அப்டியே கெத்தா இருக்கட்டும்."

கத்தியை மறைத்தேன். ஒன்றுமே இல்லாமல் ஒரு முஷ்டி உயர்ந்து நின்றால் நன்றாக இருக்காது என்று விரல்களுக்கு நடுவிலிருந்து மெல்லிய புகை கிளம்புவதுபோல் வைத்தேன். பெரிய மானிட்டரில் பார்த்தபோது கையே எரிகிற மாதிரி அழகாக இருந்தது. மச்சினனே மூக்கில் விரல் வைத்தான். நான் செய்த தப்பு, அதைப் போனில் போட்டுப் பார்க்காதது. படம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகப் போக நசுங்கும். முகம் தாங்கும், நெருப்பு தாங்கும். மெல்லிய புகை தாங்காது. ஸ்டேட்டஸ் ஏறி இறங்கிய நாலைந்து கைகளுக்குள் புகை காணாமல் போய்விட்டது. எரியும் நகரத்துக்கு முன்னால், கண் சிவக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லாத எதையோ இறுக்கிப் பிடித்தபடி அவர் நின்றார்.

அன்றைக்கே அந்தக் கையில் யாரோ துடைப்பத்தை வைத்துவிட்டார்கள்.

பிறகு அதை நிறுத்த முடியவில்லை. பால் பாக்கெட் வைத்தார்கள். மின்சார ரயிலில் தொங்குகிற கைப்பிடியை வைத்தார்கள். தோசைக் கரண்டி, ரேஷன் பை, பாத்ரூம் மக்கு. மறைமலை நகர் ஷிப்டு பஸ்ஸில் வருகிறவர்கள் ஸ்பேனரை வைத்து, திங்கட்கிழமை என்று எழுதினார்கள். கோவளத்திலிருந்து ஒருத்தன் வஞ்சிரத்தின் வாலை அந்தக் கையில் கொடுத்தான். அவரை யாரென்றே தெரியாதவர்கள் அவர் முகத்தைத் தங்கள் சிரமத்துக்கு எல்லாம் வைத்துக்கொண்டார்கள். பார்க்கப் பார்க்க, இது அவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்றுதான் யோசித்தேன். ஒருபக்கம் சிரிப்பும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். நான் எரித்த எத்தனையோ நகரங்களில் ஒன்றுகூட யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் காலியாக விட்ட இடத்தில் ஊரே வந்து வேலை செய்துகொண்டிருந்தது.

அந்தத் துடைப்பத்தை முதலில் பார்த்தபோதே யார் வைத்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் கடையில் எனக்குப் பக்கத்து சிஸ்டத்தில் ஒரு பெண் வேலை பார்த்தாள். சேலையூர் பக்கம், டீச்சரம்மா மகள். சர்ச் திருவிழா பேனர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவள் கையில்தான். பிறகு நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஆப்ல ஒரு பட்டனோட மூலையை உருட்டி விடுறதுக்கு மாசம் முழுக்க மீட்டிங் போடுறாங்கண்ணா என்று போனில் சொல்லிச் சிரிப்பாள். ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து பெயர் போடாமல் ஒரு மீம் பேஜ் நடத்துவது அவள்தான். அவளிடம் ஒரு பழக்கம். எதை வெட்டி எங்கே ஒட்டினாலும் அதற்கு ஒரு நிழல் கொடுப்பாள். அந்த நிழல் எப்போதும் வலது பக்கம்தான் விழும், வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும். கடையில் இருந்தபோது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். வெளிச்சம் வலது பக்கம் இருக்கும்மா, நிழல் இடது பக்கம் விழணும் என்பேன். யாருண்ணா அதெல்லாம் பாக்கப்போறாங்க என்பாள்.

பிறந்தநாள்காரர் போட்டோவில் சாயங்கால வெயில் வலது பக்கமிருந்து அடித்தது. துடைப்பத்தின் நிழலும் வலது பக்கமே விழுந்திருந்தது.

அந்த வாரத்தில் சாலையோர டீக்கடையில் ஒரு சம்பவம். பிறந்தநாள்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எதிரில் பெயிண்டிங் வேலைக்குப் போகிற ஒருவர் ஏதோ பேச்சில் கையை முஷ்டியாக உயர்த்தினாராம். கிண்டலுக்குத்தானா, சும்மாவா என்று இன்றைக்கும் தெரியாது. பிறந்தநாள்காரர் கையிலிருந்த கிளாஸை அந்தப் பெயிண்டர் முகத்திலேயே அடித்து உடைத்தார். கன்னம் கிழிந்து உள்ளே பல் தெரிந்தது என்றார்கள். நான் கடைக்குப் போகிற வழியில் அந்த இடத்தில் மண் கொட்டி வைத்திருந்தார்கள். என் போல்டரில் இருக்கும் ரத்தம் எப்போதும் சிவப்பு. மண்ணில் இருந்தது கறுப்பாக, ஆயில் சிந்தின மாதிரி இருந்தது.

அவளுக்கு மெசேஜ் அனுப்பவில்லை. எழுத்தில் இருந்தால் நாளைக்கு எவன் கையிலாவது மாட்டும். போன் போட்டேன். எடுத்தவுடனே சிரித்தாள். என் எடிட் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காலி முஷ்டியைப் பார்த்ததும் கை சும்மா இருக்க முடியவில்லையாம். டீக்கடை விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"டெலீட் பண்ணிடறேண்ணா. ஆனா எடுத்து என்ன யூஸ்? எல்லார்கிட்டயும் போயிடுச்சே."

"யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லும்மா."

"என்கிட்ட யாருண்ணா கேக்கப்போறாங்க? உங்களத்தானே எல்லாருக்கும் தெரியும்."

அவள் பயத்தில் சொன்னது அது. அன்று ராத்திரி ஷட்டரைப் பூட்டினேனா என்று இரண்டு தடவை திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். சர்ச் பேனர் ஒன்றுக்கு ஓரத்தில் வளையம் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த மெஷின் இங்கே எல்லாக் கடையிலும் இருக்கும். நீளமான கைப்பிடியை அழுத்தினால் துணியைத் துளைத்து வளையத்தைக் கடித்துவிடும். ஷட்டர் பாதி இறங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மச்சினனும் இன்னும் இரண்டு பேரும். அவர்களுக்குப் பின்னால் குனிந்து உள்ளே வந்தவரைப் பார்த்ததும், அவர் முகத்தை விட்டுவிட்டு முதலில் அவர் வலது கையைத்தான் பார்த்தேன். அதை அவரும் கவனித்தார்.

பேனருக்குச் சட்டம் அடிக்கிற ரீப்பர் கட்டைகள் மூலையில் சாத்தியிருந்தன. மச்சினன் ஒன்றை எடுத்தான். முதல் அடி மானிட்டருக்கு. இரண்டாவது என் முட்டிக்கு. கீழே விழுந்தபிறகு எத்தனை என்று தெரியாது. கட்டை உடைந்தபோது இன்னொன்றை எடுத்துக்கொண்டார்கள். முதுகில் விழுவது வலி. காதுக்குப் பக்கத்தில் விழுவது சத்தம் மட்டும், வலி ரொம்ப நேரம் கழித்து வரும். இதையெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வாயில் உப்பாக ஏதோ நிரம்பியது. கெஞ்சினேனா என்று கேட்டால், ஆமாம், எல்லாரையும் அண்ணா அண்ணா என்றுதான் கெஞ்சினேன், என்னைவிடச் சின்னவனைக்கூட.

பிறந்தநாள்காரர் அடிக்கவில்லை. வாடிக்கையாளர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, போதும் என்று கையைக் காட்டினார்.

"டிசைனரே, எனுக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். தொடப்பத்த எவன் வச்சான்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு படத்தைச் செய்தது யார் என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

தெரியாது என்றேன். ஆயிரம் பேர் செய்வார்கள், பெயரே இருக்காது, இன்டர்நெட்டில் யார் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது என்று எதையெதையோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் லாரி ஓட்டினவன். வேற எவனாச்சும் என் வண்டிய எடுத்துட்டு வச்சா, கியர் போடும்போதே எவன்னு சொல்லிடுவேன். நீ வருசக்கணக்கா இதே வேலைல கீற. உனுக்குத் தெரியாதா?"

என் முகத்தில் எதுவும் நிற்காது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், எவன் விசிலடித்தான் என்று வாத்தியார் கேட்டால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். பிறந்தநாள்காரரும் பார்த்தார். மச்சினனுக்குக் கண் காட்டினார். என் கையை இழுத்து அந்த மெஷினில் வைத்தார்கள். கட்டைவிரலை விரித்துப் பிடித்து, நடுவில் இருந்த தோல் சரியாகத் துளைக்குக் கீழே வருகிற மாதிரி வைத்தார்கள். வேலை தெரிந்தவன் துணியை வைப்பதுபோல் வைத்தார்கள்.

அவளைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது தைரியம் என்று பிற்பாடு எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒட்டவில்லை. அப்போது என் மனசில் ஓடியது வேறு. நாவலூர் என்று சொன்னால் அதோடு முடியாது. எந்தக் கட்டடம் என்பார்கள். என்னை பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு எல்லாரும் கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது, நான் கேட்டுக்கு எதிரில் நின்று கையை நீட்டிக் காட்ட வேண்டும். அவள் என்னைப் பார்த்துவிட்டு, அண்ணா என்று சிரித்துக்கொண்டே நேராக எங்களிடம் வருவாள். அந்தச் சிரிப்பு வரைக்கும் யோசித்துவிட்டேன். எல்லாவற்றிலும் மோசமானதைக் கடைசிவரை யோசித்துப் பார்ப்பது என் வியாதி. இந்த வளையம் அதைவிடச் சின்னது என்று தோன்றியது.

"நான்தான் வச்சேன்" என்றேன்.

கைப்பிடி இறங்கியது. பேனரில் கேட்கிற அதே டக்கென்ற சத்தம்தான். ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அப்புறம் கை முழுக்கத் தீப்பிடித்து, தோள் வழியாக ஏறி, கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகிவிட்டது. மறுபடி பார்வை வந்தபோது என் தோலில் அலுமினிய வளையம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதன் நடுவில் இருந்த ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது.

"ஏன்டா வச்ச?" என்றார்.

"லைக்ஸுக்கு" என்றேன்.

அவர் உடனே நம்பிவிட்டார். அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. லைக்ஸுக்கு என்றால் மனிதன் எதையும் செய்வான் என்பதில் எங்கள் இருவருக்கும் நடுவே கருத்து வேறுபாடே இல்லை.

"சரி. பொருளத் திருப்பி வை."

உடையாமல் இருந்தது அவள் பழைய சிஸ்டம் மட்டும்தான். அதில் உட்காரவைத்தார்கள். இடது கையால் மவுஸைப் பிடித்து அந்த பைலைத் திறந்தேன். கத்தியை நான் அழிக்கவே இல்லை. அதன் லேயரை மறைத்துத்தான் வைத்திருந்தேன். பக்கத்தில் இருக்கும் கண் குறியை ஒரு தடவை அழுத்தினால் போதும். அழுத்தினேன். கத்தி வந்துவிட்டது. இத்தனை நாள் ஊரே அடைத்துப் பார்த்த அந்தக் காலி இடம் மூடிக்கொண்டது. ரத்தம் வை என்றார். போல்டரைத் திறந்து, வழிகிற ரத்தத்தை எடுத்துக் கத்தி நுனியில் வைத்தேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பெயின்ட் மாதிரி கீது."

பிறகு கீபோர்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்த என் வலது கையைப் பார்த்தார்.

"இந்த கலர் வை."

வைத்தேன். கையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, கறுப்பைக் கூட்டி, சிவப்பைக் குறைத்து, பொருந்தும் வரை மாற்றினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த வலியிலும் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தபடி அதைப் போட்டார். போட்டுவிட்டு, முதல் லைக்குகள் வரும் வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

பாய் தொழுகை முடித்து வந்து ஷட்டரைத் தூக்கினார். தோளில் இருந்த துண்டால் என் கையைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வளையத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வழியெல்லாம் போலீஸுக்குப் போகலாம் என்றார். வேண்டாம் பாய் என்றேன். தொடப்பம் உன் வேலையா என்றார். இல்லை என்றேன். அப்போ யாரு என்றார். ஆட்டோவுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரும் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர். போலீஸ் வேண்டாம்னா கடை கேமரா பதிவை நீயே அழிச்சிடு, எனக்கு அதுல கை வராது என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் போகாவிட்டாலும் போலீஸ் அவரைத் தேடிப் போனது. கத்தியும் ரத்தமும் உள்ள படம், அதுவும் ஏற்கனவே ஊர் பூராவும் தெரிந்த முகம். அடுத்த சில நாளில் செய்தியில் காட்டினார்கள். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. பிடிக்கப்போனபோது ஓடி வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிந்ததாகச் சொன்னார்கள். அவரும் கேமராவைப் பார்த்து, வழுக்கி விழுந்துட்டேன், இனிமே இந்த மாதிரி படம் போடமாட்டேன் என்றார். சாயங்காலத்துக்குள் செய்தியில் காட்டிய மாவுக்கட்டை வெட்டி எடுத்து, எரியும் நகரத்துக்கு முன்னால் இருந்த பழைய முஷ்டியில் ஒட்டிவிட்டார்கள். என் மனைவி அதைக் காட்டி, நல்லா வேணும் என்றாள். கட்டுப்போட்ட என் கை, கட்டுப்போட்ட அவர் கை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் எப்போது வெளியே வருவார் என்றுதான் யோசித்தேன்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, துடைப்பம் வைத்த அவளே கடைக்கு வந்தாள். சர்ச் தேர்பவனிக்கு பேனர் வேண்டும், இங்கேதான் செய்யணும்னு அம்மா சொன்னாங்க என்றாள். மானிட்டர் புதுசா வாங்கிட்டீங்களா என்று பேசிக்கொண்டே வந்தவள் என் கையைப் பார்த்துவிட்டாள். கட்டு பிரித்திருந்தது. வட்டம் அப்போது ஊதா நிறத்தில் இருந்தது.

"என்னண்ணா இது?"

"மெஷின்ல மாட்டிக்கிச்சு."

அவள் அந்த மெஷினில் வேலை செய்தவள். ஒரு கையால் துணியைப் பிடித்து, மறு கையால்தான் கைப்பிடியை அழுத்த வேண்டும். அந்த இடத்துத் தோல் தானாக அங்கே போகாது. அவள் மெஷினைப் பார்த்தாள். மூலையில் புதிதாக வாங்கி வைத்திருந்த ரீப்பர் கட்டைகளைப் பார்த்தாள். பிறகு தன் பழைய சிஸ்டத்தின் கீபோர்டைப் பார்த்தாள். எவ்வளவு துடைத்தும் எழுத்துகளுக்கு நடுவே கறுப்பு போகவில்லை.

"வழுக்கி விழுந்துட்டீங்க, அப்படித்தானே?" என்றாள்.

நான் பேனர் அளவு கேட்டேன். சொன்னாள். போகும்போது வாசலில் நின்று அந்த மெஷினை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் பேஜ் ரொம்ப நாள் சும்மா இருந்தது. பிறகு ஒரு நாள் படம் வந்தது. மழைத் தண்ணீரில் பாதி மூழ்கிய பஸ், அதன் கூரைமேல் ஒரு சோபா. பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிச்சம் வலது பக்கம். நிழல் இடது பக்கம் விழுந்திருந்தது, சரியாக, எந்த ஊர்க்காரனும் போடுகிற மாதிரி. அடுத்த படத்திலும் அப்படித்தான். அதற்கப்புறம் அந்த பேஜையே மூடிவிட்டாள். வேறு பெயரில் எங்கேயாவது போடுகிறாளா, விட்டேவிட்டாளா, தெரியாது. நான் கேட்கவில்லை.

பிறந்தநாள்காரர் வெளியே வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கடைக்கு வரவில்லை. வந்தாலும் வரலாம். இப்போதும் தினமும் கண்ணில் படுகிற ஒவ்வொரு மீமையும் பெரிதாக்கி முதலில் நிழலைத்தான் பார்க்கிறேன். எல்லாம் ஒழுங்காக விழுந்திருக்கிறது, அவளுடையது எது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. இதைச் செய்தது எவன் என்று இனிமேல் யார் வந்து கேட்டாலும், என் கையை எங்கே வைத்துக் கேட்டாலும், தெரியாது என்பேன். என் முகத்திலும் அதுதான் இருக்கும்.